ஓய்வெடுப்பதா, ஓய்வுபெறுவதா? காயமடைந்த மூத்த பேஸ்பால் வீரரின் நிலையை எடைபோடும் முறை

2010 ஆகஸ்ட் 10 அன்று ஹூஸ்டனில் நடந்த ஆட்டத்தில், அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்காக மூன்றாம் பேஸில் (ஓடுபவர்கள் தொட வேண்டிய நிலைகளில் ஒன்று) நின்ற சிப்பர் ஜோன்ஸ், எதிரணியின் ஹன்டர் பென்ஸ் அடித்த தரைப்பந்தைக் கோட்டோரமாகப் பிடித்து, எகிறியபடியே முதல் பேஸுக்கு எறிந்தார். பந்து போய்ச் சேர்ந்தது, பென்ஸ் அவுட். எறிந்தவர் கீழே இறங்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் இடது காலில் விழுந்து, முழங்கால் உள்வாங்கியது. ஏ.சி.எல். எனப்படும், முழங்காலை நிலைநிறுத்தும் நார் அறுந்துவிட்டது. அவருக்கு அப்போது வயது 38. அதே முழங்காலில் அதே நார் 1994இல், அவருடைய 21ஆம் வயதில், ஒருமுறை அறுந்திருந்தது. போதாக்குறைக்கு, இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அணி நிர்வாகத்திடம் ஓய்வு பற்றிப் பேசியிருந்தார். இத்தோடு முடிந்தது என்று பலர் நினைத்ததில் வியப்பில்லை.

அவர் மேலும் இரண்டு சீசன்கள் ஆடினார். இப்படிப்பட்ட செய்தி வரும்போதெல்லாம், வீரரின் வயதையும் காயத்தின் பெயரையும் மட்டும் வைத்து நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு பாதி நேரம் தவறிப்போகிறது. பேஸ்பாலைத் தொடர்ந்து கவனிக்கும் ஒருவர் இந்தக் கேள்வியை ஓரளவு நிதானத்தோடு அலச என்னென்ன பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். சிப்பர் ஜோன்ஸையே முக்கிய உதாரணமாக வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியின் எல்லா முடிச்சுகளும் அவர் கதையில் இருக்கின்றன.

தமிழில் ‘ஓய்வு’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. எடுப்பதும் ஓய்வு, பெறுவதும் ஓய்வு. காயமடைந்த மூத்த வீரரைப் பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி, இந்த இரண்டையும் ஒரே நாளில் ஒரே கேள்வியாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகிறது. முதலாவது உடம்பைப் பற்றியது. அதற்கு மருத்துவர் பதில் சொல்வார். இரண்டாவது வாழ்க்கையைப் பற்றியது. அதற்கு மருத்துவரிடம் பதில் கிடையாது. இரண்டையும் பிரித்து, முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதற்கு வருவதுதான் சரியான முறை.

முதல் வாரத்துப் பேச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

காயம் பட்ட மறுநாள் வீரர் சொல்வது எதுவாக இருந்தாலும், அதை அவருடைய குணத்துக்குச் சான்றாகக் கொள்ளலாமே தவிர, எதிர்காலத்துக்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது. நியூயார்க் யாங்கீஸின் மரியானோ ரிவேரா 2012 மே 3 அன்று கேன்சஸ் சிட்டியில், ஆட்டம் தொடங்குவதற்கு முன், பயிற்சியில் உயரமாக வந்த பந்தைப் பிடிக்க ஓடியபோது வலது முழங்காலின் ஏ.சி.எல். அறுந்து விழுந்தார். வயது 42. அன்றிரவு கண்கலங்கியபடி, திரும்புவேனா தெரியவில்லை என்ற தொனியில் பேசினார். மறுநாளே, நிச்சயம் திரும்பி வருவேன், இப்படி விடைபெற மாட்டேன் என்றார். இடையில் ஓர் இரவு மட்டுமே கழிந்திருந்தது. முழங்காலில் எந்த மாற்றமும் இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரங்களில் முழு விவரம் யாருக்கும் தெரியாது. ரிவேராவுக்குக் கெண்டைக்காலில் இரத்தக் கட்டி இருப்பது பின்னர்தான் தெரியவந்தது. அதனால் அறுவை சிகிச்சை ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போனது. மருத்துவமனையிலிருந்து வரும் முதல் அறிக்கையை வைத்து எந்த முடிவுக்கும் வராமல், குறைந்தது அறுவை சிகிச்சை முடிந்து, வீக்கம் வடிந்து, பயிற்சி தொடங்கும் வரையாவது பொறுத்திருங்கள்.

காயத்தின் பெயரைவிட அந்த உறுப்பு செய்யும் வேலை முக்கியம்

ஒரே காயம் இரண்டு வீரர்களுக்கு ஒன்றாக இருப்பதில்லை. பார்க்க வேண்டியது, அந்த மூட்டு அவருடைய பிழைப்பில் என்ன வேலை செய்கிறது என்பதுதான்.

ரிவேரா வலது கையால் எறியும் பிட்சர், அதாவது மட்டை பிடிப்பவருக்குப் பந்தெறிபவர். வலது கால், பந்தெறியும் மேட்டை உந்தித் தள்ளும் கால்; அதற்கு வலு வேண்டும், ஆனால் சடாரென்று திசை மாற்றி ஓடும் வேலை அதற்கு அதிகம் இல்லை. ஒரு ஆட்டத்தில் அவருடைய வேலை பெரும்பாலும் ஒரே இன்னிங்ஸ். தோளும் முழங்கையும் அப்படியே இருந்தன. எனவே, 43 வயதில் அவர் திரும்பி வந்து 2013 சீசனில் 44 ஆட்டங்களில் அணியின் முன்னிலையைக் கடைசி வரை காத்துக் கொடுத்ததை அதிசயம் என்று சொல்வதைவிட, காயம் தற்செயலாகத் தொழிலின் மையத்தைத் தொடாமல் போயிற்று என்று சொல்வதே பொருத்தம்.

சிப்பர் ஜோன்ஸின் நிலை அவ்வளவு எளிதல்ல. அவர் இரு கையாலும் மட்டை பிடிப்பவர். வலது கை ஆட்டக்காரராக நிற்கும்போது இடது கால் முன்னங்காலாகி, இடுப்பு சுழலும் வேகத்தைத் தாங்கி நிறுத்துகிறது. இடது கை ஆட்டக்காரராக நிற்கும்போது அதே கால் பின்னங்காலாகி, பாரத்தைத் தாங்கிக்கொண்டு விரல்நுனியில் திரும்புகிறது. பிட்சர்களில் வலது கைக்காரர்களே அதிகம் என்பதால், அவர் பெரும்பாலும் இடது பக்கம்தான் நிற்க வேண்டியிருந்தது. அதாவது, காயம்பட்ட முழங்கால் இரண்டு விதமான அழுத்தத்தையும் தாங்கியாக வேண்டும். இதோடு, உச்சமட்டமான மேஜர் லீகின் இரு பிரிவுகளில் அவர் ஆடிய தேசிய லீகில் அன்று மட்டை பிடிப்பதற்கென்றே தனி ஆட்டக்காரரை வைத்துக்கொள்ளும் விதி கிடையாது. அமெரிக்க லீகில் 1973 முதல் இருந்த அந்த வசதி, தேசிய லீகுக்கு 2022இல்தான் நிரந்தரமானது. ஆகவே மட்டை பிடிக்க வேண்டுமானால் அவர் களத்திலும் நின்றே ஆக வேண்டும். இன்று இதே காயம் படும் 38 வயது வீரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

கைக்காயங்களில் பிட்சர்களுக்கு முழங்கையைவிடத் தோள் மோசமானது என்பது களத்தில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்வது. 1974இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து முழங்கையில் பொருத்தினார். அவர் 1976இல் திரும்பி வந்து, 46 வயது வரை எறிந்து, மொத்தம் 288 வெற்றிகளில் 164ஐ அறுவை சிகிச்சைக்குப் பிறகே பெற்றார். ஹூஸ்டனின் பிட்சர் ஜஸ்டின் வெர்லாண்டர் 37 வயதில் அதே அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 2021 முழுவதும் ஆடாமல், 2022இல் 39 வயதில் 18 வெற்றி, 4 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.75 ரன் மட்டுமே விட்டுக்கொடுத்த சராசரி என்ற கணக்கோடு, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார். குதிகால் தசைநாண் அறுந்தால் கதை வேறு. பிலடெல்பியாவின் ரயன் ஹோவர்டுக்கு 2011இல், சீசன் முடிவில் நடக்கும் பிளேஆஃப் தொடரில், அவருடைய அணியின் கடைசி அவுட்டில் அது அறுந்தது; அப்போது அவருக்கு 31 வயதுதான். மறுவருடமே களத்துக்குத் திரும்பினார், ஆனால் பழைய ஹோவர்டு திரும்பவே இல்லை. வயது மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நினைப்பவர்கள் வெர்லாண்டரையும் ஹோவர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மறுபயிற்சியை எப்படிப் படிப்பது

எல்லோரும் அவசரமாகத் தாண்டிப் போகும் பகுதி இது. என் பார்வையில் மிக முக்கியமான பகுதியும் இதுதான்.

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த முதல் நாட்களில், பல கோடி டாலர் சம்பளம் வாங்கும் வீரர் செய்யும் பயிற்சி, பார்ப்பவருக்குச் சிரிப்பு வரவழைக்கும் அளவுக்குச் சிறியது. கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடைத் தசையை இறுக்கி, அந்தத் துண்டைக் கீழே அழுத்த வேண்டும். சில விநாடிகள் பிடித்து விட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அறுவைக்குப் பின் தொடைத் தசை மூளையின் பேச்சைக் கேட்க மறுக்கும். இறுக்கு என்றால் துடிக்கக்கூடச் செய்யாது. அது விழித்துக்கொள்வதும், முழங்கால் முழுவதுமாக நேராக நீள்வதும்தான் முதல் படி. நேராக நீளாத முழங்கால் பின்னால் ஓட்டத்தையும் கெடுக்கும், நடையையும் கெடுக்கும். அதன் பிறகுதான் மடக்குவது, நிலையான சைக்கிள், ஒற்றைக் காலில் நிற்பது எல்லாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டு மூன்று மாதங்களில் வலி குறைந்து, வீரர் தான் நன்றாகிவிட்டதாக உணர்கிறார். உண்மையில் பொருத்திய புதிய நார் ஏறத்தாழ ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைதான் மிகவும் பலவீனமாக இருக்கும். இரத்த ஓட்டம் புதிதாக ஏற்பட்டு, அது உடம்பின் சொந்த நாராக மாறிக்கொண்டிருக்கும் காலம் அது. வலி இல்லை என்பதும் வலு இருக்கிறது என்பதும் வேறு வேறு. எனவே ‘வீரர் உற்சாகமாக இருக்கிறார்’ என்று மூன்றாம் மாதத்தில் வரும் செய்திக்கு மதிப்புக் கொடுக்காதீர்கள். காயம்பட்ட காலின் தொடை வலு நல்ல காலின் வலுவில் தொண்ணூறு சதவீதத்தை எட்டிவிட்டதா, நேர்கோட்டில் ஓடுவதிலிருந்து வளைந்து ஓடுவதற்கு வந்துவிட்டாரா என்பவையே நம்பத்தகுந்த குறிகள்.

மூத்த உடம்பில் இன்னொரு சிக்கல், ஒரு காயம் ஆறும்போது அக்கம்பக்கம் விலை கொடுப்பது. யாங்கீஸின் டெரெக் ஜீட்டர் 2012 அக்டோபர் 13 அன்று, 38 வயதில், இடது கணுக்கால் உடைந்து விழுந்தார். அந்த சீசனில் 216 ஹிட்கள் (பேஸை எட்டவைத்த அடிகள்) அடித்து அமெரிக்க லீகில் முதலிடத்தில் இருந்தவர் அவர். மறுவருட ஏப்ரலில் அதே கணுக்காலில் சிறிய புதிய விரிசல் தெரிந்தது. ஜூலையில் திரும்பிய முதல் ஆட்டத்திலேயே தொடைத் தசை பிடித்துக்கொண்டது. அது ஆறியதும் கெண்டைக்கால். அந்த வருடம் மொத்தமே 17 ஆட்டங்கள், அடித்த சராசரி .190, அதாவது நூறு வாய்ப்புக்குப் பத்தொன்பது ஹிட். கணுக்கால் என்ற ஒரே ஒரு எலும்புமுறிவாகத் தொடங்கியது, மாதக்கணக்கில் நகராத கால் மற்றத் தசைகளைப் பலவீனப்படுத்தியதால் ஒரு சங்கிலியாக நீண்டது. இப்படிச் சங்கிலி தொடங்குவதைப் பார்த்தால், அந்த சீசனைக் கைகழுவிவிடலாம். ஆட்ட வாழ்க்கையையே கைகழுவத் தேவையில்லை: ஜீட்டர் 2014இல் 145 ஆட்டங்கள் ஆடினார்.

கடைசி கட்டம், மேஜர் லீகுக்குக் கீழ்மட்டமான மைனர் லீக் ஆட்டங்கள். காயப் பட்டியலில் உள்ளவரைத் தேறுவதற்காக அங்கே அனுப்பும் விதியின்படி, பிட்சருக்கு 30 நாட்களும் மற்றவர்களுக்கு 20 நாட்களும் உச்சவரம்பு. அங்கே அவர் ஹோம் ரன் (பந்தை மைதான எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்தாரா என்பதைப் பார்க்காதீர்கள்; இருபத்திரண்டு வயதுப் பையன்கள் எறியும் பந்து அது. அடுத்தடுத்து இரண்டு நாட்கள் முழு ஆட்டமும் களத்தில் நின்றாரா, மூன்றாம் நாள் முழங்கால் வீங்காமல் வந்தாரா என்று பாருங்கள். மேஜர் லீகில் சுமார் 187 நாட்களில் 162 ஆட்டங்கள். இரவு ஆட்டம் முடித்து விமானம் ஏறி, விடியும் முன் வேறு ஊரில் இறங்கி, அன்று மாலையே மீண்டும் ஆட வேண்டிய தொழில் இது. ஒருநாள் ஆடுவது யாராலும் முடியும். மறுநாள் ஆடுவதுதான் சோதனை.

பணக் கணக்கு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேஜர் லீக் ஒப்பந்தங்கள் பொதுவாக உத்தரவாதமானவை. காயமடைந்தாலும் சம்பளம் வரும். தாமாக ஓய்வுபெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் மிச்சச் சம்பளம் போய்விடும். டெக்ஸாஸின் பிரின்ஸ் ஃபீல்டர் 2016 ஆகஸ்டில், 32 வயதில், இரண்டாவது கழுத்து அறுவை சிகிச்சைக்குப் பின் இனி ஆட மருத்துவர்கள் அனுமதிக்கவில்லை என்று அழுதுகொண்டே சொன்னபோது, அவருக்கு 2020 வரை வருடத்துக்கு 2 கோடியே 40 லட்சம் டாலர் ஒப்பந்தம் இருந்தது. முறைப்படி ஓய்வுபெறாமல், ஆட இயலாதவர் என்ற நிலையில் அவர் பட்டியலில் நீடித்தார். ஆகவே ‘இன்னும் ஓய்வை அறிவிக்கவில்லை’ என்ற செய்தி, ‘இன்னும் ஆட நினைக்கிறார்’ என்ற பொருளைத் தர வேண்டியதில்லை. இதைப் பேராசை என்று ஏசுவோரும் உண்டு. உடம்பை வைத்து உழைத்தவன் அந்த உழைப்பிலேயே உடம்பு கெட்டால் பேசிய கூலியை விட்டுவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. சிப்பர் ஜோன்ஸுக்கும் 2012 வரை ஒப்பந்தம் இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

விருப்பத்தை எங்கே தேடுவது

உடம்பு முடியும் என்று சொன்ன பிறகுதான் உண்மையான கேள்வி வருகிறது. அதற்கு ஆட்ட எண்களில் பதில் தேடுவது வீண். பாஸ்டனின் டேவிட் ஆர்டிஸ் தன் கடைசி சீசனான 2016இல் .315 சராசரியில் 38 ஹோம் ரன், 48 டபுள் (இரண்டாம் பேஸ் வரை ஓடவைத்த அடி), 127 ரன்களுக்குக் காரணமான அடிகள் என்று கொடிகட்டிப் பறந்தார். நாற்பது வயதில் யாரும் அப்படி அடித்ததில்லை, இன்னும் ஒரு வருடம் ஆடலாமே என்று ஊரே கெஞ்சியது. அவருடைய பாதங்களின் நிலையை அவர் மட்டுமே அறிவார். மாலை ஏழு மணிக்கு நாம் பார்ப்பது ஆட்டத்தை. அதற்கு நிற்கும் அளவுக்குக் காலைத் தயார்செய்ய மதியத்திலிருந்து நடக்கும் பாடு கண்ணில் படுவதில்லை. நியூயார்க் மெட்ஸின் டேவிட் ரைட்டுக்கு முதுகெலும்புக் குழாய் குறுகும் நோய் வந்த பிறகு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் மணிக்கணக்கில் தயாரிப்பு தேவைப்பட்டது. கழுத்து, தோள், முதுகு என்று வரிசையாக அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டு, இரண்டு வருடங்களுக்கு மேல் போராடி, 2018 செப்டம்பர் 29 அன்று கடைசியாக ஒரு முறை மூன்றாம் பேஸில் நின்றார். இரண்டே முறை மட்டை பிடித்தார்: ஒரு வாக் (தவறாக எறிந்த நான்கு பந்துகளால் கிடைக்கும் முதல் பேஸ்), ஒரு ஃபவுல் கேட்ச் (கோட்டுக்கு வெளியே போன பந்தைப் பிடித்ததால் அவுட்).

எனவே வீரர் பேசும்போது ‘ஆட்டம்’ என்று சொல்கிறாரா, ‘தயாரிப்பு’ என்று சொல்கிறாரா என்று கவனியுங்கள். ஆட்டத்தை நேசிக்காத பழைய நட்சத்திரம் எவருமில்லை. பயிற்சியறையில் கழியும் மதியங்களை இன்னும் பொறுத்துக்கொள்கிறாரா என்பதில்தான் விடை இருக்கிறது. பிலடெல்பியாவின் மைக் ஷ்மிட் 1988இல் தோள் தசைக்கிழிவால் பாதிக்கப்பட்டு, மறுவருடம் திரும்பி வந்து, 42 ஆட்டங்கள் ஆடி, .203 சராசரியில் இருந்தபோது, மே மாத இறுதியில் சட்டென்று விலகினார். சீசன் நடுவில் கைவிடலாமா என்று கேட்டவர்கள் உண்டு. என் எண்ணத்தில் அது மிக நேர்மையான முடிவு: திரும்பி வந்து முயன்றும் பார்த்தார், முடியவில்லை என்று தெரிந்ததும் இழுத்தடிக்கவும் இல்லை. ஜோயி வோட்டோவும் அப்படித்தான். 2024 வசந்தகாலப் பயிற்சியில் தனக்கு வந்த முதல் பந்தையே ஹோம் ரன் அடித்துவிட்டு, அன்றே ஆட்டக்காரர்கள் அமரும் இடத்தில் கிடந்த மட்டையை மிதித்துக் கணுக்காலைப் பிசக்கிக்கொண்டார்; மாதங்கள் கழித்து மைனர் லீகுக்கு வந்து ஆடியும் அடி விழவில்லை. ஆகஸ்டில், பஃபலோ நகரில், மேல்மட்டத்துக்குத் திரும்பாமலேயே போதும் என்று சொல்லிவிட்டார்.

அறிவிக்கும் வேளை

முடிவெடுத்த பின் அதை எப்போது சொல்வது என்பது தனிக் கலை. ரிவேரா 2013 மார்ச்சிலேயே, இதுவே கடைசி வருடம் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். ஜீட்டர் 2014 பிப்ரவரியில் அதையே செய்தார். வருடம் முழுக்க ஊர் ஊராக விழா, பரிசு, பேச்சு என்று நடப்பது சலிப்பைத் தரும் என்பது உண்மை. ஆனாலும் காயத்திலிருந்து திரும்பியவருக்கு இதில் ஒரு பயன் உண்டு. ‘அடுத்த வருடம் ஆடுவீர்களா’ என்ற கேள்வி அதோடு நின்றுவிடுகிறது. முழங்கால் மீண்டும் தொல்லை கொடுத்தாலும் அது தலைப்புச் செய்தியாவதில்லை. ஆனால் காயம் ஆறிக்கொண்டிருக்கும் வருடத்தில் இதை அறிவிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உடம்பு எங்கே நிற்கும் என்று அப்போது தெரியாது.

சிப்பர் ஜோன்ஸ் அந்த இடைவெளியை விட்டார். மைதானத்தில் காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் காட்சி ரசிகர்கள் நினைவில் தன் கடைசிக் காட்சியாக நிற்கக்கூடாது என்று காயம்பட்ட வாரமே சொன்னார்; ஓய்வு பற்றி மட்டும் எந்த நாளும் குறிக்கவில்லை. 2011இல் 126 ஆட்டங்கள் ஆடி, .275 சராசரியில் 18 ஹோம் ரன் அடித்தார். நடுவில் மற்ற முழங்காலில் ஒரு சிறு அறுவை சிகிச்சையும் ஆயிற்று. 2012 மார்ச்சில்தான், இந்த சீசனோடு முடித்துக்கொள்கிறேன் என்றார். சொல்லிச் சில நாட்களில் முழங்காலின் குருத்தெலும்பு கிழிந்து மீண்டும் அறுவை சிகிச்சை. ஏப்ரல் 10 அன்று திரும்பி வந்து ஹோம் ரன் அடித்தார், அதுவும் இரண்டு வருடம் முன்பு விழுந்துகிடந்த அதே ஹூஸ்டன் மைதானத்தில். நாற்பது வயதில் அந்த வருடச் சராசரி .287.

அவருடைய கடைசி ஆட்டம் 2012 அக்டோபர் 5 அன்று அட்லாண்டாவில், செயின்ட் லூயிஸ் அணியோடு நடந்த ஒற்றை ஆட்டப் பிளேஆஃப். நான்காவது இன்னிங்ஸில் எளிதாக இரண்டு அவுட் எடுக்க வேண்டிய தரைப்பந்து ஒன்று அவரிடம் வந்தது. முழங்கால் தாங்கியது, பந்தைச் சுத்தமாகப் பிடித்தார். இரண்டாம் பேஸுக்கு எறிந்தது உயரமாகப் போய்விட்டது. அதிலிருந்து மூன்று ரன்கள் போயின, ஆட்டமும் போயிற்று. தோல்விக்குத் தானே காரணம் என்று அன்றிரவே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.